முகப்புப் பக்கத்தில் யார் பேசலாம்?

கொம்பனியில் புதிதாகச் சேருகிற எங்கட வயதுக்காரரின் தலையில் விழக்கூடிய வேலைகளில் ஒன்று இது: “தம்பி, எங்கட ஸ்டாஃபுக்கு ஒரு இன்ட்ராநெட் செய்யவேணும். நீங்கள் இளம் ஆக்கள், உங்களுக்கு உது தெரியும்தானே. நல்லதா ஒரு டெம்ப்ளேட் பார்த்துப் போடுங்கோ.” சொல்லுகிறவரைப் பொறுத்தவரை சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்று கேட்கிற மாதிரி ஒரு சின்ன விசயம்தான்.

சின்ன விசயமில்லை என்பதுதான் என்னுடைய கருத்து. இன்ட்ராநெட் என்பது ஊழியர்கள் மட்டும் உள்நுழையக்கூடிய உள்ளகத் தளம். லீவுப் படிவம், சுற்றறிக்கை, யாருக்கு என்ன பொறுப்பு, யாருக்கு என்ன தொலைபேசி இலக்கம் எல்லாம் இருக்கிற இடம். அதற்கு டெம்ப்ளேட் தெரிவு செய்யும்போது, அந்த நிறுவனத்துக்குள் யார் எழுதலாம், யார் வாசித்துவிட்டுப் போகவேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் தெரிவு செய்கிறோம். வடிவமைப்பு என்ற பெயரில் அதிகாரம் பற்றிய ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன கதை என்று கேட்பவர்களுக்கும் அதுதான் பதில்.

மைக்ரோசொஃப்டின் ஷெயார்பொயின்டை எடுத்துக்கொள்வோம். பல நிறுவனங்கள் மின்னஞ்சலுக்காக வாங்குகிற சந்தாவோடேயே அதுவும் வந்துவிடுவதால், உள்ளகத் தளம் என்றதும் கை அங்கேதான் போகும். புதிதாக ஒரு தளம் தொடங்கப்போனால் அது முதலில் கேட்பது நிறத்தையோ படத்தையோ அல்ல. ‘டீம் சைட்’ வேணுமா, ‘கொமியூனிகேஷன் சைட்’ வேணுமா என்பதைத்தான்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கட பல்கலைக்கழகத்து உதாரணத்தோடு சொன்னால் லேசாக விளங்கும். கொமியூனிகேஷன் சைட் என்பது பீடத்து அலுவலகத்துக்கு முன்னால் கண்ணாடி போட்டுப் பூட்டிய அறிவித்தல் பலகை. சாவி இரண்டு மூன்று பேரிடம் இருக்கும், மற்ற எல்லாரும் வெளியில் நின்று வாசிக்கலாம். 2017இல் அறிமுகமானபோதே, சிலர் எழுதப் பலர் வாசிக்கிற தேவைக்காகத்தான் அது வந்தது. டீம் சைட் என்பது சங்க அறையில் இருக்கிற பெரிய மேசை. அதற்குப் பின்னால் ஒரு உறுப்பினர் குழு இருக்கும், அந்தக் குழுவில் உள்ள எல்லாரும் கோப்பு போடலாம், பக்கத்தைத் திருத்தலாம், மற்றவர் எழுதியதில் கைவைக்கலாம்.

பிரச்சினை எங்கே வருகிறது? கொமியூனிகேஷன் சைட்டின் டெம்ப்ளேட்டுகள் பார்வைக்கு வடிவாக இருக்கும். அகலமான படம், பெரிய தலைப்பு, செய்திப் பெட்டிகள். டீம் சைட் அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் வெறுமையாகத் தெரியும். கூட்டத்தில் இரண்டையும் திரையில் போட்டுக் காட்டினால் எல்லாரும் வடிவானதைத்தான் கைகாட்டுவார்கள். இருபது பேர் ஒன்றாக இருந்து வேலை செய்யவேண்டிய ஒரு பிரிவுக்கு, ஒரு படத்தின் அழகுக்காகப் பூட்டிய பலகை ஒன்று கிடைக்கும். பிறகு அவர்கள் என்ன செய்வார்கள்? வட்ஸ்அப் குறூப் ஒன்று தொடங்குவார்கள். உண்மையான வேலை அங்கே நடக்கும், உள்ளகத் தளத்தில் போன வருசத்துப் புத்தாண்டு வாழ்த்து தொங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு உதாரணமும் இருக்கு. வேர்ட்பிரஸ்.கொம் தளத்தை நடத்துகிற ஒட்டோமெட்டிக் நிறுவனத்தின் ஊழியர்கள் பல நாடுகளில் இருந்து வேலை செய்கிறவர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 2008இல் ‘புரோலொக்’ என்று ஒரு வேர்ட்பிரஸ் டெம்ப்ளேட்டையும், 2009இல் அதை வளர்த்து ‘பீ2’ என்ற டெம்ப்ளேட்டையும் வெளியிட்டார்கள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எழுதுகிற பெட்டியை நிர்வாகப் பக்கத்துக்குள் ஒளித்துவைக்காமல் முகப்புப் பக்கத்தின் உச்சியிலேயே வைத்தார்கள், அவ்வளவுதான். உள்ளே வந்த எவரும் அந்த இடத்திலேயே எழுதலாம், அதற்குக் கீழேயே மற்றவர் பதில் போடலாம். மின்னஞ்சலில் இரண்டு பேருக்குள் முடிந்துபோகிற பேச்சு எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்துக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் வேலைசெய்கிற பழக்கத்தையே தாங்கி நின்றது ஒரு பெட்டியின் இடம்.

அப்ப எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்துவிடலாமா? கூடாது. லீவு விதிமுறையை ஆரும் வந்து திருத்தலாம் என்றால் அது விதிமுறையே இல்லை. சம்பளம், பாதுகாப்பு, ஒழுக்காற்று நடவடிக்கை பற்றிய சுற்றறிக்கைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேணும், பிழை என்றால் கேட்க ஒரு பெயர் வேணும். அங்கே பூட்டிய பலகைதான் சரி. ஆனால் ஒரு நிறுவனத்துக்கு ஒரு டெம்ப்ளேட் என்று யோசிக்கத் தேவையில்லை. ஷெயார்பொயின்டில் 2018இலிருந்து ‘ஹப்’ என்று ஒரு வசதி இருக்கு. தனித்தனித் தளங்களை ஒரே பட்டியின் கீழ் கோர்த்துவிடலாம். அறிவித்தலுக்கு ஒரு கொமியூனிகேஷன் சைட், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு டீம் சைட், மேலே பொதுவான ஒரு பட்டி. பூட்டிய பலகையிலும் கீழே கருத்துச் சொல்லுகிற பெட்டி வரும். அதை நிறுத்திவைக்கவும் வழி இருக்கு. நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்தால், ஏன் என்று ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம்.

“பிடிக்காட்டி பிறகு மாத்தலாம்தானே” என்று சொல்லுவார்கள். பாதி உண்மை. புதிய டெம்ப்ளேட் ஒன்றைப் போட்டால் பழைய கோப்புகள் அழியாது, முகப்புப் பக்கம் மாறும். மாற்ற முடியாத விசயம் வேறு இடத்தில் இருக்கு. தளத்தைத் தொடங்கும்போது இயல்புநிலை மொழி என்று ஒன்றைக் கேட்கும். அநேகமாக ஆங்கிலம் ஏற்கெனவே தெரிவாகி இருக்கும், யாரும் கவனிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். தளம் உருவான பிறகு அந்த மொழியை மாற்ற முடியாது.

இலங்கையில் இது சும்மா ஒரு தொழில்நுட்பச் சங்கதி இல்லை. 1987இன் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆனால் தனியார் கொம்பனி ஒன்றின் உள்ளகத் தளம் எந்த மொழியில் இருக்கு என்று யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. கொழும்பில் தலைமை அலுவலகமும் வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ கிளையும் உள்ள ஒரு நிறுவனத்தில், களஞ்சியத்தில் வேலை செய்கிற அக்காவுக்கு லீவு விதி ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், அவ அதை வாசிக்க இன்னொருவரிடம் போகவேணும். தன்னுடைய உரிமையைத் தெரிந்துகொள்ளவே ஒருவரின் தயவு தேவைப்படுகிறது. ஷெயார்பொயின்டில் ஒரே பக்கத்துக்குப் பல மொழிப் பிரதிகள் வைக்கலாம். மொழிபெயர்க்கிறவரை நிறுவனம்தான் போடவேணும். ஆகவே டெம்ப்ளேட்டைப் பார்க்க முதல், மொழிப் பட்டியலில் தமிழும் சிங்களமும் இருக்கிறதா என்று பாருங்கோ. இல்லாவிட்டாலும் தனித்தனிப் பக்கங்களாக எழுதி, முகப்பில் மூன்று இணைப்புகள் கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

அதே அக்கா தளத்தைத் திறக்கப்போவது போனில்தான், சொந்த டேட்டாவில்தான். கணினித் திரையில் மூன்று நிரலாகத் தெரிகிற பக்கம் போனில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கப்படும். வலப்பக்க நிரலில் வைத்த லீவுப் படிவம் எல்லாத்துக்கும் அடியில் போய்விடும். பணிப்பாளரின் வாழ்த்துச் செய்தியையும் கைகுலுக்குகிற படங்களையும் தாண்டித்தான் அவ அதை எடுக்கவேணும். மாதிரியைக் கூட்டத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டமுதல் ஒரு பழைய போனில் திறந்து பார்த்தாலே பாதி டெம்ப்ளேட்டுகள் கழிந்துவிடும்.

ஆகவே இந்த வேலை உங்களிடம் வந்தால், டெம்ப்ளேட் பட்டியலை உடனே திறக்காமல் ஒரு தாளில் மூன்று விசயம் எழுதிக் கேளுங்கோ. இங்கே யார் எழுதப்போகிறார்கள்? வாசிக்கிறவர்கள் எந்த மொழியில், எந்தக் கருவியில் வாசிப்பார்கள்? அவர்கள் இங்கே அடிக்கடி தேடி வரப்போகும் முதல் ஐந்து விசயங்கள் என்ன? மூன்றாவது கேள்விக்கு முகாமையாளரிடம் மட்டும் பதில் வாங்காதேங்கோ. கிளைகளுக்கும் ஒரு கோல் எடுங்கோ, வாசலில் நிற்கிற காவலாளி அண்ணையிடமும் கேளுங்கோ. “இதெல்லாம் எதுக்கு, ஒரு டெம்ப்ளேட்டைப் போட்டுவிடும்” என்று சலித்துக்கொள்ளுவார்கள். பரவாயில்லை. பதில் கிடைத்த பிறகு பட்டியலைத் திறந்தால், அங்கே இருக்கிற வெறுமையான டெம்ப்ளேட்டே போதும் என்று அநேகமாகத் தெரியவரும்.