சங்கிலியில் ஏறுமுன் சிட்டா சரியாகட்டும்

கார்த்திகைப் பட்டத்து நிலக்கடலைக்காகக் கடப்பாக்கம் பகுதியில் விதை நேர்த்தி செயல்விளக்கம் ஒன்று நடத்தினோம். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து காட்டி முடித்ததும் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, நெலக் கணக்கையெல்லாம் பிளாக்செயின்ல ஏத்தப் போறாங்களாமே. ஏத்திட்டா யாராலும் மாத்த முடியாதாம். என் பட்டாவுல எங்கப்பா பேரே தப்பா இருக்கு. அதுவும் அப்படியே நின்னுடுமா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. தமிழ்நாடு அரசு 2020-ல் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. 'நம்பிக்கை இணையம்' என்ற பெயரில் அதற்கான கட்டமைப்புப் பணியையும் மேற்கொண்டது. ஆகவே இந்தச் சங்கிலிக் கணக்கைப் பற்றிச் சிறு விவசாயிகளும் ஓரளவு தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இதை ஒரு கணக்கு நோட்டாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முந்தைய பக்கத்தின் முத்திரை எழுதப்பட்டிருக்கும். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அதன் முத்திரை மாறிவிடும். அடுத்த பக்கங்கள் பொருந்தாமல் போகும். அதே நோட்டின் நகல்கள் பல கணினிகளில் இருப்பதால் திருட்டுத் திருத்தம் உடனே வெளிப்பட்டுவிடும். 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் இம்முறையில்தான் இயங்குகிறது.

ஆனால் இந்த நோட்டில் ஒரு குறை உண்டு. பக்கங்கள் வந்த வரிசையில்தான் இருக்கும். "இந்தச் சர்வே எண்ணில் என்னென்ன மாறுதல் நடந்தது?" என்று கேட்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். எனவே சங்கிலியைப் படித்து, விவரங்களைப் பிரித்து, தேடுவதற்கு ஏற்றபடி தரவுத்தளத்தில் அட்டவணைகளாக அடுக்கும் கருவி ஒன்றைக் கணினித் துறையினர் அமைக்கின்றனர். நாம் அலுவலகத்தில் கேட்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் இந்த நகல்தான். மூலச் சங்கிலி அன்று.

ஆகவே கருவியை நிறுவுவதில் கவனம் தேவை. முதல் பக்கத்திலிருந்தே படிக்கத் தொடங்க வேண்டும். எதுவரை படித்தது என்ற குறிப்பை வைத்திருக்க வேண்டும்; மின்சாரம் போய்வந்தால் விட்ட இடத்திலிருந்து அது தொடர வேண்டும். பொதுச் சங்கிலிகளில் கடைசியாக வந்த ஓரிரு பக்கங்கள் சில வேளை மாறக்கூடும் என்பதால், மேலும் சில பக்கங்கள் சேர்ந்த பிறகே அவற்றை உறுதியானவையாகக் கொள்ள வேண்டும். நகலின் முத்திரையையும் மூலத்தின் முத்திரையையும் நாள்தோறும் ஒப்பிட வேண்டும். ஒப்பிடாத நகல், அளவு பாராமல் வாங்கிய மூட்டைக்கு ஒப்பாகும்.

நகல் மூலத்தை மிஞ்சிய கதை நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் செங்கற்பட்டு ஜாகிரில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குகள் ஓலையில் தமிழில் விரிவாக இருந்தன. கும்பெனிக்குப் போனது ஆங்கிலச் சுருக்கம். எளிதில் புரட்ட முடிந்த ஏடு எதுவோ அதுவே ஆட்சி செய்கிறது.

என் கருத்து இதுதான். சங்கிலி, எழுதியதைக் காக்கும். எழுதியது உண்மையா என்று பார்க்காது. 1979-ல் தொடங்கி 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், பெயரும் பரப்பும் உட்பிரிவும் தவறாக ஏறியவர்கள் இன்றும் அலைகிறார்கள். அந்தத் தவறுக்கு அழியாத முத்திரை குத்துவதால் யாருக்கு லாபம்? விதை பழுதானால் எந்த உரமும் பயிரைக் காப்பாற்றாது. பழைய பிழைகளை ஊர் ஊராகத் திருத்திய பிறகே சங்கிலியை நினைக்க வேண்டும்.

பெரியவருக்குச் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். சங்கிலியிலும் திருத்தம் செய்யலாம். பழைய வரியை அழிக்க முடியாதே தவிர, "இது தவறு, சரியானது இது" என்று புதிய வரி சேர்க்கலாம். அதற்கு அதிகாரமுள்ள அலுவலரின் உத்தரவு வேண்டும். அந்த வழி எளிதாகவும் செலவின்றியும் இருக்க வேண்டும் என்பதை நாம் வற்புறுத்த வேண்டும். ஆவணம் முழுவதையும் ஏற்றத் தேவையில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஜார்ஜியா நாட்டில் 2016-ல் தொடங்கிய நிலப்பதிவு முயற்சியில் முத்திரை மட்டுமே சங்கிலியில் ஏறியது; ஆவணம் பதிவகத்திலேயே இருந்தது. நமக்கும் அதுவே போதும். முத்திரையைப் பட்டா நகலிலும் அச்சிட்டுத் தந்தால் விவசாயியே ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறக்கும்.

அதுவரை காத்திராமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பட்டா, 'அ' பதிவேட்டு நகல், புலப்பட நகல், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகிய ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு நான்கும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரைக் கலந்து, வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியிலோ எழுத்து மூலம் மனுக் கொடுத்து ரசீது பெறுங்கள். கணினி எதுவானாலும், சரியான சிட்டாவே விவசாயிக்குப் பாதுகாப்பு.