ஒண்டை மட்டும் பிடிச்சால் போதுமோ?

எங்கடை ஆக்கள் கனபேர் இப்ப பிள்ளைக்கு எட்டு வயதிலேயே ஒரு விளையாட்டைத் தெரிவு செய்துபோடுகினம். பிறகு கோடையிலும் அதுதான், பனியிலும் அதுதான். வேறை ஒண்டைக் கேட்டால் 'கவனம் சிதறிப்போகும்' எண்டு மறுப்பு. இது சரியில்லை எண்டுதான் நான் சொல்லுவன்.

வினிபெக் பக்கம் இருக்கிறவைக்கு பட் கிராண்ட் எண்ட பேர் தெரிஞ்சிருக்கும். 1927இல் அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயதில் போலியோ வந்தது. காலுக்குப் பலம் வரட்டும் எண்டு வைத்தியர்தான் விளையாடச் சொன்னவர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃபுட்போல், கூடைப்பந்து, பேஸ்போல் மூண்டும் விளையாடினார். (ஃபுட்போல் எண்டால் எங்கடை உதைபந்தாட்டம் இல்லை, முட்டை மாதிரிப் பந்தோடை ஓடுறது.) 1950இல் வெற்றிக்கிண்ணம் எடுத்த மினியாபொலிஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியிலும் அவர் இருந்தார். பிறகு பிலடெல்பியாவிலும் வினிபெக்கிலும் ஃபுட்போல்.

1957இல் வினிபெக் அணிக்குப் பயிற்சியாளர் ஆகேக்கை வயது 29. பத்து வருசத்தில் நாலு கிரே கிண்ணம் எடுத்துக் குடுத்தார். 1967இல் மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போனார். அந்த அணியை நாலு தரம் சுப்பர் போல் வரைக்கும் கொண்டுபோய், நாலிலும் தோற்றார். எண்டாலும் கனடா, அமெரிக்கா ரெண்டு நாட்டு ஃபுட்போல் புகழ் மண்டபத்திலும் அவருக்கு இடம் குடுத்தினம். 2023இல், 95 வயதில் காலமானார்.

மூண்டு விளையாட்டு விளையாடினவன் மூண்டு விதமான அணிக்குள்ளை இருந்து பழகினவன். ஒண்டிலை முன்னுக்கு நிண்டிருப்பான், இன்னொண்டிலை வாங்கிலை குந்தியிருந்திருப்பான். மற்றவையை நடத்திறதுக்கு இதைவிடப் பெரிய படிப்பு என்ன இருக்கு?

'எல்லாரும் கிராண்ட் ஆகேலுமோ' எண்டு கேப்பியள். ஏலாதுதான். ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2016இல் இதைத்தான் சொன்னது: 15, 16 வயது வரைக்கும் ஒரே விளையாட்டுக்குள்ளை பிள்ளையை அடைக்காமல் விடுறது நல்லது. ஒரே மூட்டுக்கும் தசைக்கும் வருசம் முழுக்க வேலை குடுத்தால் காயம் வரும், மனமும் வெறுத்துப்போகும்.

நாட்டை விட்டு வந்த நாங்கள் இழந்தது கனக்க. அதுக்கெல்லாம் சேர்த்து வெற்றிக்கிண்ணமாய்க் கொண்டுவந்து தரவேணும் எண்டு பிள்ளையைக் கேக்கிறது நியாயமில்லை. கூடைப்பந்து கேட்டாலும் விடுங்கோ, நீச்சல் கேட்டாலும் விடுங்கோ. எது தன்ரை விளையாட்டெண்டு பிறகு பிள்ளையே சொல்லும்.