காற்று வாங்கிய பிரேக்

'பி.காம். படித்தவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது.' போன ஞாயிறு ராத்திரி, பசுமலையில் எங்கள் தெருவே கேட்க என் மனைவி போட்ட சட்டம் இது.

என் பழைய பல்சருக்கு முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. 'இதுக்குப் போய் கூலியா?' என்று நானே களத்தில் இறங்கினேன். நிப்பிளைத் திறந்து ஆயிலைச் சொட்டவிட்டபோது ஆபீசிலிருந்து போன். பேசிவிட்டு வந்தால் மேலே டப்பா காலி! புது ஆயிலை ஊற்றி, நிப்பிளை முடுக்கி, கையைக் கழுவினேன். லீவர் தொளதொள. 'புதுசுன்னா அப்படித்தான்' என்று சமாதானம் வேறு.

சாயங்காலம் மனைவியோடு பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிளம்பினேன். மூலக்கரையில் முன்னால் போன ஷேர் ஆட்டோ, நடுரோட்டில் ஒரு சவாரியைப் பார்த்ததும் நின்றது. பிடித்தேன் பிரேக்கை. லீவர் சாதுவாக வந்து கைப்பிடியைத் தொட்டது. வண்டி பாட்டுக்குப் போனது. வலது கால் பழக்கதோஷத்தில் பின்பிரேக்கை மிதித்ததால் ஒரு சாண் இடைவெளியில் பிழைத்தோம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கினாள், அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

தள்ளிக்கொண்டு போனேன்.

"அண்ணே, டப்பாவைக் காயவிட்டீங்களா?" என்றார் மெக்கானிக் தம்பி.

"லேசா..."

"போச்சு. பைப்புக்குள்ள காத்து பூந்துருச்சு."

விஷயம் எளிது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். லீவர் தள்ளுகிற தள்ளலையெல்லாம் குமிழி சுருங்கிச் சுருங்கியே தின்றுவிடும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. (எங்கள் ஆபீசிலும் அப்படி ஒரு செக்‌ஷன் உண்டு. மேலிருந்து வரும் ஆர்டர் எதுவும் கீழே இறங்காது.) ஹயபூசா மாதிரி பெரிய வண்டிகளில் கிளட்சுக்கும் இதே ஆயில் கணக்குதான். அதில் காற்று போனால் கிளட்சைப் பிடித்தாலும் வண்டி நகரப் பார்க்கும்.

தம்பி நிப்பிளில் கண்ணாடி டியூபைச் செருகி, மறுமுனையை ஆயில் பாட்டிலுக்குள் முக்கினார்.

"லீவரை நாலஞ்சு தடவை அமுக்குங்கண்ணே. இப்ப அப்படியே பிடிங்க."

நிப்பிளைக் கால் சுற்று திறந்தார். ஆயிலோடு குமிழிகள் ஓடின. லீவர் இறங்கியது.

"விட்றாதீங்க!" என்று அலறி, நிப்பிளை மூடிவிட்டு, "இப்ப விடுங்க" என்றார். மூடுவதற்கு முன் விட்டால் போன காற்று அதே வழியில் திரும்பி வருமாம். நாலு தடவைக்கு ஒரு தரம் மேலே டாட் 4 ஆயில் ஊற்றினார், சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து. அது காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்குமாம். புதிதாக இருந்தால் 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது; ஈரம் ஏறினால் 155-க்கே கொதித்து ஆவியாகலாம். ஆவியும் குமிழிதானே! டாங்கில் சிந்தினால் பெயின்டையும் உரித்துவிடும் என்று உடனே தண்ணீர் விட்டுக் கழுவினார்.

கடைசிக் குமிழிகள்தான் அழிச்சாட்டியம் பண்ணின. பைப்பை ஸ்பேனரால் தட்டித் தட்டி மேலே கிளப்பினார். முக்கால் மணி நேரத்தில் லீவர் கல்லாக நின்றது.

நேற்று கடைக்குக் கிளம்பினோம். மனைவி ஏறவில்லை. லீவரைத் தானே மூன்று தடவை அமுக்கிப் பார்த்தாள்.

"இது யார் பாத்தது? நீங்களா, மெக்கானிக்கா?"