கழிவுத்தொட்டிப் பணியில் வீட்டு உரிமையாளரின் பொறுப்பையும் வரையறுக்க வேண்டும் மனு

மேன்மை தங்கிய காரைக்கால் மாவட்ட ஆட்சியர் அவர்களின் சமூகத்திற்கு,

கருக்களாச்சேரியிலும் அதனை அடுத்த கடலோர ஊர்களிலும் வீடுகளின் செப்டிக் டேங்குகளை வண்டி கொண்டு உறிஞ்சித் தூய்மை செய்து ஜீவனம் நடத்திவரும் வண்டி உரிமையாளரும் தொழிலாளரும் அடங்கிய சங்கத்தார் மிகுந்த பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம்:

எங்கள் தொழிலில் அபாயம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று தொட்டிக்குள்ளே தங்கியுள்ள விஷவாயு; மற்றொன்று தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டு, "அடியில் இன்னும் கிடக்கிறதே, ஆளை இறக்கி வழித்துவிடுங்கள்" என்று நிர்ப்பந்திக்கும் வீட்டு உரிமையாளரின் பிடிவாதம். முன்னதைப் பற்றிச் சட்டமும் நீதிமன்றமும் விரிவாகப் பேசியிருக்க, பின்னதைப் பற்றி எவரும் விசாரித்ததில்லை. ஆகவே இம்மனுவில் அதனையே முதன்மையாக முன்வைக்கிறோம்.

மணற்பாங்கான இக்கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது நிலத்தடி நீர் மேலெழும்பித் தொட்டிகளுக்குள் புகுந்துவிடுவதால், அதுவரை எங்களை நினைத்தும் பாராத இல்லங்களிலிருந்தெல்லாம் ஒரே வாரத்தில் அழைப்பு வருகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய வண்டலைப் பத்தாண்டுக் காலம் இறுக விட்டவர், மூடியின் மேல் சிமெண்டுத் தளமும் ஓடும் பதித்தவர், தொட்டியின் நீள அகலம் அறியாமல் ஒரு லோடு என்று பேசி முடித்தபின் மூன்று லோடு வந்தால் அது எங்கள் சூழ்ச்சி என்று குற்றம் சாட்டுபவர் எனப் பலரையும் பொறுமையுடன் சந்தித்து வருகிறோம். கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டு அனுப்புவோரும், நாற்றத்தின்பொருட்டு அண்டை வீட்டார் தொடுக்கும் சண்டைக்கு எங்கள் தொழிலாளியை முன்னே தள்ளிவிட்டுத் தாம் உள்ளே போய்விடுவோரும், குடிக்கத் தண்ணீர் கேட்டால் தெருக்குழாயைச் சுட்டிக் காட்டுவோரும் உண்டு. இவையனைத்தையும் தொழிலின் இயல்பு என்று சகித்துக்கொள்ளலாம்; ஆளை இறக்கச் சொல்வதை மட்டும் சகிக்க இயலாது.

அடிவரை வழித்தெடுக்க வேண்டும் என்ற எண்ணமே பிழையானது என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறோம். தொட்டியின் அடியில் சிறிதளவு வண்டல் எஞ்சியிருந்தால்தான் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அழியாமல் நின்று மறுபடியும் பெருகும். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் மழைக்காலத்திலோ, முற்றிலும் காலிசெய்யப்பட்ட தொட்டியைச் சுற்றியுள்ள நீர் அழுத்தி மேலே தூக்கவும் சுவரில் வெடிப்பு உண்டாக்கவும் கூடும். இவ்விரண்டையும் எடுத்துரைத்து நாங்கள் மறுத்தால், வேலையைத் தட்டிக் கழிப்பதாகவே கருதுகிறார்கள்.

அதனினும் கொடியது, "நாற்றம் இல்லையே, பயப்படாமல் இறங்கு" என்று சொல்லப்படும் தைரியம். அழுகிய முட்டையின் வாடையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, செறிவு மிகும்போது முகரும் சக்தியையே முதலில் மழுங்கச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றுகிற கணமே உயிருக்கு ஆபத்தான கணம். காற்றைவிடக் கனமான அவ்வாயு கீழே தங்குவதாலும், பிராணவாயு குறைந்திருப்பதாலும், இறங்கியவன் குரல் எழுப்பவும் வலுவின்றி விழ, அவனைத் தூக்கப் போகிற இரண்டாமவனும் அவன்மேல் விழுகிறான். இந்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இவ்விதமே நேர்ந்திருக்கிறது.

வாடிக்கையாளரின் பிடிவாதம் ஒரு தொழிலை எவ்வளவு காலம் கொலைத்தொழிலாகவே வைத்திருக்கும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தில் சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றிக் கரி துடைத்த காலத்தில், ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் 1803-இல் நீண்ட கழியுடன் கூடிய தூரிகைக் கருவியைச் செய்து அளித்தும், கரித்தூள் விரிப்புகளைக் கெடுக்கும், வளைவுகளில் கருவி நுழையாது என்று காரணம் கூறி, பல இல்லத்தார் சிறுவர்களையே கேட்டு வாங்கினர். 1840-இல் வந்த தடைச் சட்டமும் செயலுக்கு வரவில்லை. 1875-இல் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஃபுல்போர்ன் மனநல மருத்துவமனையின் புகைபோக்கியில் ஒரு சிறுவன் சிக்கி மாண்ட பின்னரே, ஒவ்வொரு தொழிலாளரும் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும், காவல்துறை அதனை மேற்பார்வையிட வேண்டும் என்ற சட்டம் பிறந்தது, அவ்வழக்கமும் ஒழிந்தது. கருவி இருந்தும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது போதாமல் போயிற்று என்பதே நாம் கருத வேண்டிய விஷயம்.

நம் நாட்டில் மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, எந்த நபரும், உள்ளாட்சி அமைப்பும், நிறுவனமும் சாக்கடையிலோ கழிவுத்தொட்டியிலோ அபாயகரமான தூய்மைப் பணிக்கு ஒருவரை நேராகவோ மறைமுகமாகவோ அமர்த்தலாகாது என்கிறது. மீறினால் முதன்முறை இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. எந்த நபரும் என்றால் வீட்டு உரிமையாளரும் அதில் அடக்கம் என்பது எங்கள் துணிபு. ஆனால் ஊரில் ஒருவரும் தம்மை அதில் சேர்த்து எண்ணுவதில்லை. இவ்விதம் இறப்போரின் குடும்பத்திற்குரிய இழப்பீட்டை 2023 அக்டோபர் 20-இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியிருப்பது ஆறுதலே எனினும், பிணத்தை வெளியே எடுத்த பின்னர் வரும் ஆறுதல் அது.

ஆகவே, நகராட்சியும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் உடனே ஒரு முறையை வகுக்குமாறு தாங்கள் ஆணையிட வேண்டுகிறோம். வேலைக்கு அழைப்பவர் தொட்டியின் அளவு, கடைசியாகச் சுத்தம் செய்த காலம், மூடி திறக்கத்தக்க நிலையில் உள்ளதா என்பவற்றை எழுதிக் கையொப்பமிட்டுத் தரவும், எந்நிலையிலும் ஆளை இறக்கச் சொல்வதில்லை என்று அதிலேயே உறுதி கூறவும் வேண்டும். எங்களில் ஒருவர் இக்காரணத்தால் மறுத்துத் திரும்பினால், அவர் அலுவலகத்தில் தெரிவிக்கும் தகவலைப் பதிவு செய்து, மறுநாளே உரிமமில்லாத கூலியாளை அழைத்து அதே வேலையை முடித்துக்கொள்ளாதவாறு அந்த இல்லத்திற்கு எச்சரிக்கை அனுப்புதல் இன்றியமையாதது. இதனை நாங்கள் வெகுவாக வற்புறுத்துகிறோம், ஏனெனில் எங்கள் மறுப்பு மற்றொரு ஏழையின் மரணமாக மாறுவதே இன்றைய நடைமுறை. சட்டத்தின் 7-ஆம் பிரிவு எளிய தமிழில் வீட்டு வரி ரசீதின் பின்புறம் அச்சிடப்படட்டும். லோடு ஒன்றுக்கு உரிய கட்டணம் நிர்ணயிக்கப்பட்டு, கொம்யூன் அலுவலகச் சுவரில் எழுதப்படட்டும்.

எங்கள் பக்கத்துக் கடமையையும் நாங்கள் தட்டிக் கழிக்கவில்லை. ஆண்டுதோறும் உரிமம் பெறவும், வண்டிகளைச் சோதனைக்கு உட்படுத்தவும், மீறுகிறவரைச் சங்கத்திலிருந்து நீக்கவும் சம்மதிக்கிறோம். அதற்கு ஈடாக, மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கவசங்களும் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடும் எங்கள் தொழிலாளர் அனைவருக்கும் கிடைக்கும்படி ஒரு பதிவு முகாம் நடத்தித் தரவும், பெரிய வண்டி நுழையாத மீனவர் சந்துகளுக்கென நீண்ட குழாயுடன் கூடிய சிறு வண்டி வாங்கக் கடனுதவிக்குப் பரிந்துரைக்கவும், அகற்றிய கழிவை அரசலாற்றிலோ வாய்க்காலிலோ கொட்ட எவரும் துணியாவண்ணம் முறையான இடம் குறித்துத் தரவும் பிரார்த்திக்கிறோம்.

அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் உரிய உத்தரவு பிறப்பிக்கவும், அதற்கு முன்பாக எங்கள் பிரதிநிதிகளை ஒருமுறை நேரில் அழைத்து விசாரிக்கவும் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கழிவுநீர் வண்டி உரிமையாளர், தொழிலாளர் சங்கம்,
கருக்களாச்சேரி, காரைக்கால்.