நகை எளிதோ?

அழுகையை உயர்ந்த கலை என்றும் நகையை எளிய பொழுதுபோக்கு என்றும் கொள்ளும் வழக்கம் நம் கற்றோரிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. தொல்காப்பியரோ மெய்ப்பாடுகள் எட்டினையும் எண்ணுமிடத்து நகையையே முதற்கண் வைத்தார். அதனை ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் நானும், அரங்கிலே நகைப்பூட்டுவோரைக் கடைசி வரிசையிலேயே இருத்தி வந்தேன். அது பிழை என்பதை எனக்கு உணர்த்தியது, ருஷ்யத் திரைப்பட நடிகையும் பாடகியுமாகிய லியுத்மிலா குர்ச்சென்கோ அம்மையாரின் வாழ்க்கை.

அவர் 1935 இல், இன்று உக்ரேனில் உள்ள கார்க்கோவ் நகரிற் பிறந்தவர். தந்தையார் அக்கோடியன் வாசிக்கும் கலைஞர். 1941 ஒக்டோபரில் ஜேர்மன் படை அந்நகரைக் கைப்பற்றியபோது தந்தையார் போர்முனைக்குச் சென்றிருந்தார். ஆறு வயதும் நிரம்பாத சிறுமி தாயுடன் பகைவர் ஆட்சியின்கீழ் வாழ்ந்தாள். 1943 ஓகஸ்டில் நகர் முற்றாக மீளும்வரை பசியும் குளிரும் சாவுமே அவள் கண்ட காட்சிகள். பின்னாளில் அம்மையார் அக்காலத்தைப் பற்றித் தாமே ஒரு நூல் எழுதினார். ‘பெரியவளாகிவிட்ட என் குழந்தைப் பருவம்’ என்பது அதன் பெயர்ப் பொருள்.

மொஸ்கோவிலே செர்கேய் கெராசிமோவிடம் நடிப்புப் பயின்ற அவர், 1956 இல் எல்தார் ரியாஸனோவ் இயக்கிய ‘களியாட்ட இரவு’ என்னும் படத்தினால் நாடறிந்தவரானார். புத்தாண்டுக் கலைவிழாவை வறண்ட சொற்பொழிவுகளால் நிரப்ப முனைகின்ற ஓர் அதிகாரியை, ஆடலாலும் பாடலாலும் இளைஞர் தோற்கடிப்பதே கதை. அதில் அவர் பாடிய ‘ஐந்து நிமிடங்கள்’ என்னும் பாட்டு இன்றும் ருஷ்ய நாட்டுப் புத்தாண்டு இரவுகளில் ஒலிக்கின்றது.

திரையிலே தோற்ற அதிகாரி நாட்டிலே தோற்றானல்லன். மறு ஆண்டிலேயே, முறையான அனுமதியின்றிக் கச்சேரிகளிற் பாடிச் சன்மானம் பெற்றார் என அவர்மீது பத்திரிகையிற் கண்டனம் எழுந்தது. கலைஞரும் உண்டே உயிர் வாழ்பவர் என்பதனை எழுதியவர் எண்ணவில்லை. அதன்பின் ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் அவருடைய ஆற்றலுக்கு ஏற்ற வேடங்கள் அரிதாகவே கிட்டின. கண்டனத்தினும் கொடியது அதனோடு சேர்ந்த ஓர் எண்ணமே: ‘மெல்லிடையாள், நகைக்கிறாள், பாடுகிறாள், இவளிடம் வேறென்ன இருக்கப் போகின்றது?’ என்பது.

இருந்ததை 1973 இல் வெளிவந்த ‘பழஞ்சுவர்கள்’ காட்டிற்று. அதில் நெசவாலை முகாமையாளராக, ஒப்பனையின் கவர்ச்சியேதுமின்றி நடித்து அரச பரிசும் பெற்றார். 1976 இல் அலெக்ஸேய் கெர்மன், ‘போரில்லாத இருபது நாட்கள்’ என்னும் படத்தில், போர்க்காலத் துயர் சுமந்த ஆணாகவும் பெண்ணாகவும் எவரைத் தேர்ந்தார்? ஆண், யூரி நிக்குலின் என்னும் புகழ்பெற்ற சர்க்கஸ் கோமாளி. பெண், நம் பாடகி. ஒரு தலைமுறையின் துயரத்தைச் சொல்ல, அந்த இயக்குநர் நகைப்பூட்டுவோர் இருவரையே நாடினார்.

இதனைக் கண்டு, ‘நகையை விட்டு அவர் உயர்ந்துவிட்டார்’ என்பாரும் உளர். நான் அதற்கு உடன்படேன். சொல்லை எவ்விடத்தில் நிறுத்துவது, மூச்சை எங்கே அடக்குவது, முகத்தின் ஒளியை எக்கணத்தில் மறைப்பது என்பன நகையரங்கிற் கற்ற நுட்பங்களே. பசியறிந்த பிள்ளையே 1956 இல் நகைத்தது. அந்த நகையின் அடியிலும் அவ்வறிவு இருந்தது. காணும் கண் நமக்கு இல்லை.

நகை என்ற பெயரிற் கீழ்மையும் நடமாடுகின்றதே எனின், உண்மை. ஆனால் அழுகை என்ற பெயரில் வெற்றுக் கூச்சலும் நடமாடுகின்றது. தரம் செய்திறத்தில் உள்ளது. சுவையின் பெயரில் அன்று. 1982 இல் அதே ரியாஸனோவின் ‘இருவருக்கான புகையிரத நிலையம்’ படத்தில் உணவகப் பணிப்பெண்ணாக வந்து, சிரிப்பையும் கண்ணீரையும் ஒரே காட்சியில் வழங்கினார். 1983 இல் சோவியத் நாட்டின் மக்கள் கலைஞர் என்னும் உயர் விருது கிடைத்தது. 2011 இல் மறைந்தார்.

பல ஆண்டுகளுக்கு முன், மாணவர் நாடகப் போட்டியொன்றில் நான் நடுவராயிருந்தேன். அவையை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த சிறுவனை விடுத்து, ஓலமிட்டு அழுதவனுக்கே பரிசளித்தேன். ‘நகைப்பது எவராலும் ஆகும்’ என்று தீர்ப்புரையிலும் சொன்னேன். அச்சிறுவன் மறுமுறை மேடையேறவில்லை. குர்ச்சென்கோ அம்மையாருக்குப் பதினைந்து ஆண்டுகளின் பின்னராவது கதவு திறந்தது. அவனுக்கு நான் அடைத்த கதவை எவரும் திறந்ததாக அறியேன். நடுவர் ஆசனத்தில் அமரும் ஆசிரியர்கள் இதனை மனங்கொள்வாராக.