நூலில்லா நூல்கள்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள், பண்டித வகுப்பு மாணாக்கருக்கு நன்னூல் எழுத்ததிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். சூத்திரமொன்றை எடுக்குமாறு கூறியதும், பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் தன் புத்தகத்தை விரித்தான். விரித்த மாத்திரத்தே பத்துப் பதினைந்து ஒற்றைகள் கழன்று, மின்விசிறிக் காற்றிலே வகுப்பெங்கும் பறந்தன. வகுப்பு முழுவதும் சிரித்தது. யானுஞ் சிரித்தேன், புணர்ச்சி கூறும் இயல் ஒற்றை ஒற்றையாய்ப் பிரிந்து பறக்கக் கண்டு சிரியாத இலக்கண ஆசிரியன் யார்? அம்மாணவன் மட்டுஞ் சிரிக்கவில்லை. ஒற்றைகளைப் பொறுக்கி அடுக்கிய பின், "ஐயா, இது நான் வாங்கின ரண்டாவது புத்தகம்" என்றான்.

அவன் அதனை வாங்கியது என் சொற்கேட்டு. "பாடம் எல்லாவற்றிலும் ஒன்றுதான், விலை குறைந்த பதிப்பையே வாங்குங்கள்" என்று ஆண்டுதோறும் மாணாக்கருக்குச் சொல்லி வந்தவன் யான். வறிய பிள்ளைகளுக்கு இரங்கிச் சொல்வதாகவே எண்ணியிருந்தேன். அவன் வாங்கிய இரண்டு புத்தகங்களின் விலையையுங் கூட்டிப் பார்த்தபோது, யான் வேண்டாமென்று தள்ளிய தைத்த பதிப்பின் விலையை அது கடந்திருந்தது.

அன்று மாலை அப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு நகரிலே புத்தகங் கட்டும் முதியவரிடம் போனேன். அவர் அதன் முதுகைப் பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இதிலை தைக்கிறதுக்கு மடிப்பு இல்லை ஐயா" என்றார்.

அவர் கூறியதன் பொருளைச் சற்று விரித்தல் வேண்டும். முன்னெல்லாம் அச்சிட்ட பெருந்தாளை மடித்து 8 பக்கம், 16 பக்கம் எனப் பாரங்களாக்குவர். ஒவ்வொரு பாரத்தின் நடுமடிப்பினூடாகவும் ஊசி செலுத்தி, ஒன்றை மற்றொன்றோடு பிணைத்துத் தைப்பர். பசையும் துணியும் அட்டையும் அதன் பின்னரே வரும். இப்பொழுது மலிவாக வரும் பதிப்புகளிலோ மடிப்புகளை வெட்டியெறிந்து, தனித்தனியான ஒற்றைகளின் விளிம்பிலே சூடான பசையைத் தடவி, மேலுறையை ஒட்டிவிடுகின்றனர். பசை வரண்டு வெடித்தால் அவ்வொற்றைகளுக்குள் யாதோர் உறவும் இல்லை. ஓரத்தைத் துளைத்து இறுக்கித் தைக்கலாம், தைத்துந் தந்தார். ஆயின் புத்தகம் முற்றாக விரியாது. வரிதோறும் இறுதிச் சொல்லோ முதற்சொல்லோ தையலுக்குள் ஒளிந்துகொள்கின்றது. எழுவாயைக் கண்ட மாணவன் பயனிலையைத் தேடித் துளைக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நூல் என்னும் பெயர் புத்தகத்துக்கு வந்த காரணத்தைப் பவணந்தியார் தம் பாயிரத்திலே உவமையால் விளக்கியுள்ளார். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் மாதாகவும் கொண்ட அவ்வுவமையை மாணாக்கர் அறிவர். அந்த நன்னூலே இன்று ஓரிழை நூலுமின்றிச் சந்தைக்கு வருகின்றது!

என்னிடமுள்ள நன்னூல் என் தகப்பனார் வாங்கியது. துணியட்டை, ஓரங்களிலே அவர் பென்சிலால் எழுதிய குறிப்புகள். 1995ஆம் ஆண்டு ஒக்தோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நாம் எல்லோரும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அரிசிப் பையுடன் ஒன்றாகத் துவிச்சக்கரவண்டியின் பின்புறத்தில் அதனையுங் கட்டிக்கொண்டு போனேன். மழை பெய்தது. புத்தகம் ஊறிப் பருத்து, துணியும் அட்டையும் வேறாயின. கொடிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையிலே பாரம் பாரமாக விரித்து உலர்த்தினோம். 1996இல் ஊர் திரும்பிய பின், மேற்சொன்ன முதியவர்தாம் பழைய நூலை அறுத்தெடுத்து, பாரங்களைத் திரும்பத் தைத்து, புதிய அட்டை கட்டித் தந்தார். கறை உண்டு, ஆயினும் ஓர் ஒற்றைதானுங் குறையவில்லை. என் மகள் அதிலேதான் படித்தாள். நெடுங்காலம் உழைக்கும் பொருள் எது என்று யாரேனும் வினவின், பழுதுறாத பொருள் என்று சொல்லேன். பழுதுற்றபோது பிரித்துத் திருத்த இடந்தருவதே அது என்பேன். நம் பாட்டிமார் கடகத்தை மட்டை நாரினாற் பொத்தி வைத்ததும் இவ்வறிவினாலேயே.

பொருள் விரைவிற் கெடுவதற்குச் செய்வோரின் சூழ்ச்சியே காரணம் என்பார் உளர். அஃது உண்டு. 1924ஆம் ஆண்டிலே பீபஸ் என்னும் பெயராற் கூட்டுச் சேர்ந்த பெரிய மின்குமிழ்க் கம்பனிகள், குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலத்துக்குக் குறைத்து வரையறுத்து, அதனினும் நெடிது எரியுங் குமிழ்களைச் செய்த உறுப்பினருக்குத் தண்டமும் விதித்தன. அங்கே குற்றஞ் செய்தோர்மேலது. நம் பதிப்பாளர்மேல் அப்படியொரு பழியைச் சுமத்த என் மனம் ஒருப்படவில்லை. அவர்களிடம் விலையையன்றி வேறொன்றை நாம் கேட்டதேயில்லை. எழுத்துப் பிழையைக் காட்டிக் கடிதம் எழுதும் பண்டிதர்களாகிய நாம், தையல் எங்கே என்று எழுதியதுண்டா?

வறிய பிள்ளையிடம் இரட்டை விலை கேட்பதா எனச் சக ஆசிரியர் ஒருவர் என்னைக் கடிந்தார். நியாயமான கேள்வியே. பிள்ளையிடங் கேட்கவேண்டாம், நூலகத்திடங் கேட்போம். பாடசாலை நூலகங்கள் தரப்படும் பணத்துக்கு எண்ணிக்கை காட்ட வேண்டுமென்று ஒட்டிய புத்தகங்களை நூறு நூறாக வாங்கி, மூன்றாம் ஆண்டிலே கழிவுப் பட்டியலில் எழுதுகின்றன. பாதி எண்ணிக்கையிலே தைத்தவற்றை வாங்கினால் அடுத்த தலைமுறைக்கும் ஆகும். பரிசளிப்பு விழாக்களிலே பொன்முலாம் பூசிய பிளாஸ்ரிக் கிண்ணங்களுக்குச் செலவிடும் பணமும் இருக்கிறது. (அக்கிண்ணங்களின் கைப்பிடி வீடு போய்ச் சேருமுன் கழன்றுவிடுவதைப் பெற்றோர் அறிவர்.)

திரும்பத் திரும்ப வாங்கலாம் என்ற நம்பிக்கைதானும் எத்துணை நொய்தென்பதை 2022ஆம் ஆண்டு காட்டிற்று. கடதாசி இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ரூபாவின் பெறுமதி வீழ, இந்தியாவிலிருந்து வரும் நூல்களின் விலை மாணாக்கருக்கு எட்டாதாயிற்று. அக்காலத்திலே என் வகுப்பு நடந்தது என் தகப்பனாரின் புத்தகத்தைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதித்தான்.

புத்தகம் வாங்கும்போது முதுகின் மேல்முனையைப் பாருங்கள். பாரங்கள் சிறு சிறு வளைவுகளாய் அடுக்கியிருக்கும். நடுப்பக்கத்தை விரித்தால் இழை தெரியும். ஒற்றைகள் வெட்டிய பலகைபோல் நேராக நின்றால் அஃது ஒட்டியது.

இவ்வாண்டு மாணாக்கருக்குக் கொடுக்கும் புத்தகப் பட்டியலில், விலைக்கு அடுத்ததாகக் கட்டு என்று ஒரு நிரல் சேர்த்துள்ளேன். அதை நிரப்புதற்குப் புத்தகசாலைக்குச் சென்று ஒன்பது நூல்களையும் புரட்டிப் பார்த்தேன், தைத்தவை மூன்று. எஞ்சிய ஆறனுள் நன்னூற் காண்டிகையுரையும் ஒன்று. அதன் தைத்த பழம்பிரதியை வாசிப்பாரின்றி அலுமாரியில் வைத்திருக்கும் அன்பர்கள் அருகிலுள்ள பாடசாலை நூலகத்துக்கு அதனை உதவுவார்களாக. அட்டை போயிருந்தாலும் பாதகமில்லை. மடிப்பு இருந்தாற் போதும், அம்முதியவர் கட்டித் தருவார்.