பின் சக்கரம் முனகினால்...

மோட்டார் சைக்கிளில் கணவருக்குப் பின்னால் உட்கார்ந்து நெடுந்தூரம் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். முன்னால் இருப்பவருக்குச் சாலை தெரிகிறது, இயந்திரத்தின் ஓசை கேட்கிறது, காற்று காதை அடைக்கிறது. பின்னால் இருக்கும் நமக்கோ காட்சி எதுவும் கிடையாது, அவருடைய முதுகுதான்! ஆனால் பின் சக்கரம் நமக்கு நேர் கீழே இருக்கிறது. அது முனகினால் முதலில் நமக்குத்தான் கேட்கும். இந்த வாரம் அந்த முனகலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

சென்னையிலிருந்து ராமேசுவரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நானும் என் கணவரும் புறப்பட்டோம். வண்டி நெடும்பயணத்துக்கென்றே வாங்கியது. இரு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பை. நாகப்பட்டினத்தில் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்பினோம். அதிராம்பட்டினம் தாண்டியதும் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் மாவு மில் ஓடுவது போல ஒரு 'ம்ம்ம்...'

"என்னங்க, ஏதோ சத்தம் வருகிறதே?" என்றேன்.

"டயர் சத்தம். ரோடு அப்படி" என்றார்.

மணமேல்குடியில் ரோடு வழவழவென்றுதான் இருந்தது. சத்தம் நிற்கவில்லை. மறுபடி சொன்னேன். "உனக்கு எப்போதும் ஏதாவது கேட்கும்" என்று பதில் வந்தது. கோட்டைப்பட்டினம் தாண்டி ஒரு வளைவில் வண்டியின் பின்பகுதி பாம்பு நெளிவது போல ஒரு நெளி நெளிந்தது பாருங்கள், அப்போதுதான் அவருக்கும் கேட்டது! மெல்ல உருட்டிக்கொண்டு ஜெகதாப்பட்டினத்துக்குள் போய்ச் சேர்ந்தோம்.

ஜெகதாப்பட்டினம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது. விசைப்படகுகள் கரை சேரும் ஊர். அங்கே படகு இன்ஜினும் பார்த்து, மோட்டார் சைக்கிளும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் எங்களை அனுப்பினார்கள். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "ஓடும்போது கிளட்சைப் பிடித்தால் சத்தம் நின்றதா?" என் கணவர் விழித்தார். "நிற்கவில்லை. வண்டி மெதுவானால்தான் குறைந்தது" என்று நான் சொன்னேன். "அப்படியென்றால் இன்ஜின் இல்லையம்மா, பேரிங்" என்று சொல்லிவிட்டார்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரை மேலும் கீழுமாக இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். 'டொக், டொக்' என்று ஆடியது. ஆடவே கூடாதாம். பிறகு என் கையைச் சட்டத்தின் மேல் வைக்கச் சொல்லிச் சக்கரத்தைச் சுற்றினார். அரிசியில் கல் அகப்பட்டது போல நறநறவென்று விரலில் தெரிந்தது.

பேரிங் என்பது என்ன? இரண்டு எஃகு வளையங்கள்; நடுவே குண்டுகள். உள் வளையம் அச்சோடு நிற்கும், வெளி வளையம் சக்கரத்தோடு சுழலும், குண்டுகள் உருண்டு உராய்வைக் குறைக்கும். மாட்டு வண்டிக் காலத்தில் அச்சுக்கு வண்டி மை தடவினார்கள் அல்லவா? அந்த வேலையைத்தான் இங்கே குண்டும் கிரீசும் சேர்ந்து செய்கின்றன. வேல்ஸ் நாட்டுக் கார்மார்த்தனைச் சேர்ந்த பிலிப் வான் என்பவர் 1794-ல் வண்டி அச்சுக்கான குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டுக் கூரை விசிறியிலும், துணி துவைக்கும் இயந்திரத்திலும் இருப்பது அதே ஜாதிதான். துணி பிழியும்போது இயந்திரம் விமானம் போல இரைகிறதே, அதற்கும் பல வீடுகளில் பேரிங்தான் காரணம்.

சக்கரத்தைக் கழற்றியதும் நோயின் மூலம் தெரிந்தது. பேரிங்கின் ரப்பர் மூடிக்குள் கிரீசுக்குப் பதில் காப்பி நிறத்தில் துருத் தண்ணீர்! பயணத்துக்கு முன் வண்டியைப் பளபளப்பாக்க வேண்டுமென்று ஓரிடத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம். அந்தப் பீய்ச்சல் நேரே சக்கரத்தின் நடுவில் அடித்தால் ரப்பர் மூடி தாங்காது. "இந்த ஊர் மீன் வண்டிகளைப் பாருங்கள். பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, இதே கதைதான்" என்றார் பெரியவர். செயினை அதிகமாக இறுக்குவதும், அளவுக்கு மேல் சுமை ஏற்றுவதும் பேரிங்கின் ஆயுளைக் குறைக்குமாம். எங்கள் பெட்டிகளைப் பார்த்தபடியே அவர் அதைச் சொன்னதால் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

"இப்படியே ராமநாதபுரம் வரை மெதுவாகப் போய்விடலாமா?" என்று என் கணவர் கேட்டார். பெரியவர் கடுமையாகவே பதில் சொன்னார். குண்டுகள் உடைந்து சிதறினால் சக்கரம் சாயும், செயின் பல்லை விட்டு நழுவும், ஓடும் வண்டியில் சக்கரம் அப்படியே இறுகி நின்றும் போகலாம். "பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று யோசித்துக் கொள்ளுங்கள்" என்றார். என் கணவர் அதற்கு மேல் பேசவில்லை. அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினார்.

கையில் ஒரு சீட்டு, அதில் பேரிங்கின் எண்கள். வண்டியின் பெயரை விட இந்த எண்தான் முக்கியம். 6204 என்று இருந்தால் கடைசி 04-ஐ ஐந்தால் பெருக்குங்கள்: உள் துவாரம் 20 மில்லி மீட்டர். (04-லிருந்து மேலே உள்ள எண்களுக்குத்தான் இந்தக் கணக்கு.) எண்ணைச் சொன்னால் எந்த ஊர்ப் பேரிங் கடையிலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றுதான் கெட்டிருந்தது என்றாலும், சக்கரத்தில் இருந்த இரண்டையும், செயின் பல்சக்கரத்தில் இருந்த மூன்றாவதையும் சேர்த்தே வாங்கி வரச் சொன்னார். கழற்றும்போது உள் வளையத்தில்தான் அடி விழும். அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் வளையத்தில் பள்ளம் பதித்துவிடும். அதனால் கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போடவே கூடாது.

சாயங்காலம் புதுப் பேரிங்குகள் வந்தன. அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் நன்றாகச் சுற்றி, மீனுக்கு வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் புதைத்தார்! அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் கொதிநீர் கொண்டு வந்தார். அதைச் சக்கரத்தின் நடுப்பகுதியில் ஊற்றிச் சூடாக்கித் துடைத்தார்கள். இறுகிப் போன ஊறுகாய் பாட்டில் மூடியை வெந்நீரில் காட்டித் திறக்கிறோமே, அதே சூத்திரம். அலுமினியம் சூட்டில் விரியும், எஃகு குளிரில் சுருங்கும். கிடைப்பது ஒரு தலைமுடி அளவு இடைவெளிதான். அது போதும், பேரிங் அதிகம் அடி வாங்காமல் உள்ளே இறங்கியது. தட்டியபோதும் பழைய பேரிங்கின் வெளி வளையத்தை மேலே வைத்துப் புதியதன் வெளி வளையத்தில் மட்டுமே தட்டினார்.

இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஒரு சிறு குழாய் உண்டு. ஸ்பேசர் என்பார்கள். அதைக் காட்டி, "இதை மறந்துவிட்டு அச்சு நட்டை முறுக்கினால் உள் வளையங்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்படும். புதுப் பேரிங்கும் சீக்கிரமே போய்விடும்" என்றார். பஞ்சர் போட்டு வந்த பிறகு சக்கரம் முனகத் தொடங்கினால் பக்கத்துக் குழாய்களும் வாஷர்களும் ஒழுங்காக மாட்டப்பட்டனவா என்று கேளுங்கள்.

பேரிங்குகளின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கியது. நெடுந்தூரம் போகிறவர்கள் ஒரு செட்டை வாங்கிக் கருவிப் பையில் போட்டு வைக்கலாம். ஒன்று சுமார் நூறு கிராம் எடைதான் இருக்கும். புறப்படுவதற்கு முன் சக்கரத்தை ஆட்டியும் சுற்றியும் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகும். வண்டியைக் கழுவும்போது தண்ணீர்ப் பீய்ச்சலை அச்சுப் பக்கம் காட்ட விடாதீர்கள்.

அன்றிரவு மீமிசல், தொண்டி வழியாக மெதுவாகவே போனோம். கடல் காற்று வீசிக்கொண்டிருந்தது. பின் சக்கரத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தொண்டி தாண்டியதும் என் கணவர் வேகத்தைக் குறைத்துத் தலையைச் சற்றே திருப்பினார்.

"ஏதாவது சத்தம் கேட்கிறதா?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. "இல்லை" என்றேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு ஐம்பது கிலோ மீட்டருக்கும் ஒரு முறை கேட்கிறார்.